அடி மீண்டும் விழுமா?

மும்பையில் பாந்த்ரா என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே பாபா மருத்துவமனை உள்ளது. அது மாநகராட்சி நடத்தும் மருத்துவமனை. 2000ஆம் ஆண்டில் அங்கே ஒரு மையம் திறந்தார்கள். அதற்குத் 'திலாசா' என்று பெயர் வைத்தார்கள். ஆறுதல், தைரியம் என்று அதற்குப் பொருள். வீட்டில் அடிபட்டு வரும் பெண்களுக்கான மையம் அது. மாநகராட்சியும் 'சேஹத்' என்ற அமைப்பும் சேர்ந்து தொடங்கின. மருத்துவமனைக்கு உள்ளேயே இப்படி ஒரு மையம் இந்தியாவில் அதுதான் முதல்.

மருத்துவமனைக்குள் ஏன் தொடங்கினார்கள்? வீட்டில் அடிபடும் பெண் காவல் நிலையத்துக்குப் போகத் தயங்குவாள். வக்கீலிடம் போக மாட்டாள். ஆனால் காயம் பட்டால் மருந்து போட வருவாள். அவள் வரும் இடத்தில் காத்திருப்பதுதானே நல்லது.

அப்படி ஒரு மருத்துவமனைக்கு ஒரு பெண் வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் பெயர் வேண்டாம். வயது 26. இரண்டு பிள்ளைகள். இடது கை வீங்கியிருக்கிறது. பக்கத்தில் கணவன் நிற்கிறான்.

"என்ன ஆச்சும்மா?" என்று நர்ஸ் கேட்கிறார்.

"குளிக்கிற இடத்தில வழுக்கி விழுந்துட்டா" என்று கணவன் பதில் சொல்கிறான்.

நர்ஸ் கையைத் திருப்பிப் பார்க்கிறார். வழுக்கி விழுகிறவர்கள் பெரும்பாலும் கையை ஊன்றுவார்கள். உள்ளங்கை சிராயும். இவளுக்கு உள்ளங்கையில் ஒன்றும் இல்லை. முன்கையின் வெளிப்பக்கம் கன்றிப் போயிருக்கிறது. அடி விழும்போது முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினால் அங்கேதான் படும்.

நர்ஸ் ஒன்றும் சொல்லவில்லை. கணவனைச் சீட்டுப் பதிய அனுப்பினார். வரிசை நீளமாக இருந்தது. அவன் போனதும் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"யாராவது அடிச்சாங்களா?"

அவள் அழுதாள். பிறகு சொன்னாள். "இனிமே அடிக்க மாட்டார் சிஸ்டர். நேத்து ராத்திரி அவரே அழுதார். பிள்ளைங்க தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினார்."

அந்தச் சத்தியத்தை நம்பலாமா? அடி மீண்டும் விழுமா, விழாதா? அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

தேதி, நேரம் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் ஆபத்து கூடுகிறதா, குறைகிறதா என்று பார்க்க முடியும். அதற்குச் சில அடையாளங்கள் இருக்கின்றன. வானம் கறுத்தால் ஆட்டுக்குட்டியை உள்ளே கட்டுகிறோம் அல்லவா? மழை பெய்யாமலும் போகலாம். அதற்காகக் கட்டாமல் இருப்பதில்லை.

அழுகையும் சத்தியமும்

லெனோர் வாக்கர் என்பவர் அமெரிக்காவைச் சேர்ந்த உளவியல் அறிஞர். கணவனிடம் அடிபட்ட பெண்கள் பலரிடம் பேசி, 1979இல் ஒரு புத்தகம் எழுதினார். அடி ஒரு சக்கரம் போலச் சுற்றி வருகிறது என்று அதில் சொன்னார். முதலில் வீட்டில் புகைச்சல். எதற்கெடுத்தாலும் கோபம். பிறகு அடி. அதன் பிறகு அன்பு. பூ வாங்கி வருவான், அழுவான், சத்தியம் செய்வான். கொஞ்ச நாள் போனதும் மறுபடி புகைச்சல்.

எல்லா வீட்டிலும் இப்படியே நடப்பதில்லை. சிலர் அடித்த பிறகு அழுவதே கிடையாது. சில வீடுகளில் அன்பான நாட்கள் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் இல்லாமலே போய்விடும். ஆனால் ஒன்று மட்டும் உறுதி. அழுகையை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. போன தடவையும் அவன் அழுதானா, அதன் பிறகு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

காலண்டரில் ஒரு புள்ளி

ஜாக்குலின் கேம்பெல் என்பவரும் அமெரிக்கர். செவிலியர் படிப்பு படித்துப் பேராசிரியர் ஆனவர். கணவனால் கொலையான பெண்களைப் பற்றி ஆராய்ந்தார். கொலைக்கு முன்பே பல வீடுகளில் அடி இருந்திருக்கிறது. மருத்துவமனைக்கு வந்துபோன பெண்களும் அதில் உண்டு. அப்போதே ஆபத்தைக் கண்டுபிடித்திருக்கலாமே என்று அவர் நினைத்தார். 1985இல் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்.

கேள்வி கேட்பதற்கு முன் அவர் ஒரு காலண்டரைக் கொடுப்பார். போன ஒரு வருடத்தில் என்றெல்லாம் அடி விழுந்தது? அந்தத் தேதிகளில் குறி போடச் சொல்வார். அது எப்படிப்பட்ட அடி என்றும் எழுதச் சொல்வார். தள்ளியதா, அறைந்ததா, எலும்பு முறிந்ததா, கத்தியைக் காட்டியதா?

இதில் ஒரு புதுமை நடந்தது. "அடி முன்னைவிடக் கூடியிருக்கிறதா?" என்று முதலில் கேட்டார்கள். பல பெண்கள் "இல்லை" என்றார்கள். பிறகு காலண்டரில் குறி போட்டார்கள். போட்டு முடித்ததும், "இல்லை" என்று சொன்னவர்களில் 100க்கு 38 பேர் பதிலை மாற்றிக்கொண்டார்கள். "ஆமாம், கூடியிருக்கிறது" என்றார்கள்.

அந்தப் பெண்கள் முதலில் பொய் சொல்லவில்லை. மனம் பழைய அடியை மறக்கப் பார்க்கும். மறந்தால்தானே மறுநாள் எழுந்து சோறு பொங்க முடியும்? காலண்டர் மறப்பதில்லை. தீபாவளிக்கு ஒரு புள்ளி. பொங்கலுக்கு ஒரு புள்ளி. மாசியில் இரண்டு. பங்குனியில் நான்கு. புள்ளிகள் நெருங்கி வருவது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பால் கணக்கும் எரிவாயு உருளை வந்த தேதியும் காலண்டரில்தான் எழுதுகிறார்கள். அதோடு இந்தப் புள்ளியும் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் "இன்று அடித்தான்" என்று வெளிப்படையாக எழுதி வைப்பது ஆபத்து. அவன் கண்ணில் பட்டால் அதற்கும் அடி விழும். நம்பிக்கையான பக்கத்து வீட்டில் ஒரு நோட்டை வைத்தும் எழுதலாம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

கேம்பெலின் கேள்வித்தாளில் 20 கேள்விகள் உண்டு. கூட்டம் நிறைந்த மருத்துவமனையில் அத்தனையும் கேட்க நேரம் இருக்காது. அதனால் சுருக்கமான கேள்விகளையும் பின்னால் உருவாக்கினார்கள். உலக சுகாதார நிறுவனம் 2014இல் மருத்துவ ஊழியர்களுக்கு ஒரு கையேடு வெளியிட்டது. அதில் ஆறு கேள்விகள் இருக்கின்றன.

போன ஆறு மாதத்தில் அடி அடிக்கடி விழுகிறதா, அல்லது முன்னைவிடக் கடுமையாக இருக்கிறதா? எப்போதாவது ஆயுதம் எடுத்தானா, ஆயுதத்தைக் காட்டி மிரட்டினானா? கழுத்தை நெரித்தானா? அவன் உன்னைக் கொன்றுவிடுவான் என்று நினைக்கிறாயா? கர்ப்பமாக இருந்தபோது அடித்தானா? ஓயாமல் சந்தேகப்பட்டு வெறி பிடித்தவன் போல நடக்கிறானா?

இவற்றில் மூன்றுக்காவது "ஆமாம்" என்று பதில் வந்தால், அந்தப் பெண் பெரிய ஆபத்தில் இருக்கலாம். அவளை அன்றே சும்மா வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

ஆயுதம் என்றால் அரிவாளும் கத்தியும் மட்டும் என்று நினைக்க வேண்டாம். மண்ணெண்ணெய் டப்பாவும் தீப்பெட்டியும் இந்த நாட்டில் எத்தனையோ பெண்களின் உயிரை எடுத்திருக்கின்றன. 2022இல் மட்டும் இந்தியாவில் வரதட்சணைச் சாவு என்று பதிவானவை ஆறாயிரத்துக்கும் மேல். "கொளுத்திடுவேன்" என்று ஒருவன் சொன்னால் அதை வாய்ப்பேச்சு என்று தள்ளிவிடக் கூடாது.

கழுத்தை நெரிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல பெண்கள் இதை வெளியே சொல்வதே இல்லை. "கழுத்தைப் பிடிச்சார், உடனே விட்டுட்டார்" என்பார்கள். வெளியே காயம் தெரியாமலும் இருக்கும். ஆனால் ஒருவன் மனைவியின் கழுத்தை நெரித்திருந்தால், பின்னால் அவன் அவளைக் கொலை செய்யும் ஆபத்து ஏழு மடங்கு கூடுகிறது. அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2008இல் இதைச் சொன்னது.

நெரிபட்ட பெண்ணுக்குக் குரல் கம்மிப் போகலாம். எச்சில் விழுங்கினால் வலிக்கலாம். கண்ணின் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள் தோன்றலாம். தன்னை அறியாமல் சிறுநீர் போயிருக்கலாம். இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டாலும் போக வேண்டும். கழுத்தில் உள்ள ரத்தக் குழாய் உள்ளே கிழிந்திருந்தால், சில நாள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். "கழுத்தை நெரித்தார்" என்று வாயைத் திறந்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியாது.

"குடிச்சா மட்டும்தான் அடிப்பார், குடியை விட்டால் சரியாகிவிடும்" என்ற பேச்சும் உண்டு. குடி ஆபத்தைக் கூட்டுகிறது என்பது உண்மை. 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தது. அடிக்கடி குடிபோதையில் இருக்கும் கணவன்மாரின் மனைவியரில் 100க்கு ஏறக்குறைய 70 பேர் வன்முறைக்கு ஆளாகியிருந்தார்கள். ஆனால் குடிக்காத கணவன்மாரின் மனைவியரிலும் 100க்கு 23 பேர் ஆளாகியிருந்தார்கள். குடிக்காதவனும் அடிக்கிறான். குடித்தவனும் சாராயக் கடைக்காரரை அடிப்பதில்லை, வீட்டுக்கு வந்து மனைவியைத்தான் அடிக்கிறான்.

அவள் பயத்தை நம்புங்கள்

ஆறு கேள்விகளில் ஒன்று வித்தியாசமானது. "அவன் உன்னைக் கொன்றுவிடுவான் என்று நினைக்கிறாயா?" என்பது அது. மற்றவை நடந்ததைக் கேட்கின்றன. இது அவள் மனத்தைக் கேட்கிறது.

அவன் காலடிச் சத்தத்தை அவள் அறிவாள். செருப்பைக் கழற்றும் விதத்திலேயே அன்று என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று ஒரு பெண் சொன்னால் நம்ப வேண்டும். "நீ சும்மா பயப்படுகிறாய்" என்று சொல்லக் கூடாது.

ஆனால் இதைத் திருப்பிப் போட முடியாது. பயம் இல்லை என்று அவள் சொன்னால் ஆபத்து இல்லை என்று அர்த்தம் ஆகாது. கணவனால் கொலையான பெண்களைப் பற்றியும், சாவின் விளிம்புக்குப் போய்த் தப்பிய பெண்களைப் பற்றியும் கேம்பெலும் மற்றவர்களும் ஆராய்ந்தார்கள். அந்தப் பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான் தங்கள் ஆபத்தைச் சரியாக உணர்ந்திருந்தார்கள். "என் பிள்ளைகளின் அப்பா என்னைக் கொல்வாரா?" என்று மீதிப் பேர் நினைத்திருந்தார்கள். அதனால்தான் மற்ற கேள்விகளையும் கேட்க வேண்டியிருக்கிறது.

திருப்பி அனுப்புகிறவர்கள்

அந்த 26 வயதுப் பெண் இதற்கு முன் இரண்டு தடவை தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

"பொறுத்துப் போடி. உங்கப்பா என்னை அடிக்காததா? தங்கச்சி கல்யாணத்துக்கு நிற்கிறாளே" என்று அம்மா சொன்னாள். மறுநாள் அப்பாவே அவளை ரயில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார். அந்த அம்மா கல்நெஞ்சுக்காரி இல்லை. மகள் போன பிறகு மூன்று நாள் அவள் சாப்பிடவில்லை.

நம் நாட்டில் 18 முதல் 49 வயது வரை உள்ள, திருமணமான பெண்களில் 100க்கு 29 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். மேலே சொன்ன கணக்கெடுப்பு இதையும் சொல்கிறது. வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடிப் போனவர்கள் 100க்கு 14 பேர்தான். அப்படிப் போகும் பெண் முதலில் போவது தாய் வீட்டுக்கு. அதனால் ஆபத்தை முதலில் அளக்க வேண்டியவர்கள் காவலரும் மருத்துவரும் இல்லை. அம்மாவும் அப்பாவும் அண்ணனும்தான். பிறகு ஊர்ப் பெரியவர்கள்.

பெரியவர்கள் உட்கார்ந்து சமாதானம் பேசுகிறார்கள். "இனி அடிக்க மாட்டேன்" என்று அவனிடம் எழுதி வாங்குகிறார்கள். அந்தத் தாள் பெட்டியில் பத்திரமாக இருக்கும். அவளை வீட்டுக்கு அனுப்புவார்கள். அனுப்பும் முன் அவளைத் தனியாக அழைத்து யாராவது கேட்டார்களா? கழுத்தை நெரித்தானா என்று கேட்டார்களா? அவன் எதிரில் உட்கார வைத்து "உனக்குப் பயமா?" என்று கேட்டால் அவள் "இல்லை" என்றுதான் சொல்வாள்.

கிளம்பும் நேரம்

இதெல்லாம் தெரிந்தவர்கள் உடனே சொல்வார்கள்: "அப்படியானால் அவனை விட்டு வந்துவிட வேண்டியதுதானே!"

வரலாம். பல பெண்கள் வந்து நன்றாக வாழ்கிறார்கள். ஆனால் கிளம்பும் நேரம்தான் மிகவும் ஆபத்தான நேரம். அவள் கை நழுவிப் போகிறாள் என்று தெரிந்ததும் சிலருக்கு வெறி ஏறுகிறது. கிளம்பும் நாளிலும், கிளம்பிய பிறகு வரும் சில மாதங்களிலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். "நான் போகப் போகிறேன்" என்று சண்டையின் நடுவில் சொல்லக் கூடாது.

அதற்கு முன்பே சில ஏற்பாடுகள் செய்துகொள்ளலாம். ரேஷன் அட்டை, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கல்யாணப் போட்டோ, மருத்துவமனைச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைக்கலாம். கொஞ்சம் பணமும் ஒரு மாற்றுப் புடவையும் அதில் இருக்கட்டும். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓர் அடையாளச் சொல் பேசி வைக்கலாம். "அக்கா, தயிர் உறை இருக்கா?" என்று குரல் கொடுத்தால் ஆள் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று அர்த்தம். சண்டை தொடங்கினால் சமையல் கட்டுக்குள் போகக் கூடாது. அங்கேதான் கத்தியும் நெருப்பும் இருக்கின்றன. வாசல் பக்கம் வர வேண்டும். குறுக்கே விழுந்து தடுக்காமல் வெளியே ஓடும்படி பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பெண்கள் உதவிக்கு 181 என்ற எண் இருக்கிறது. ஆபத்து நேரத்தில் காவல் துறையை அழைக்க 112. இந்த எண்களைப் பேசினால் செல்போனில் பதிவாகிவிடும். கணவன் போனை எடுத்துப் பார்ப்பவனாக இருந்தால் வேறு ஒருவரின் போனில் பேசுவது நல்லது.

சட்டத்தில் ஒரு படிவம்

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் வந்தது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. இந்தச் சட்டத்தின்படி பாதுகாப்பு அலுவலர்கள் நியமிக்கப்படுகிறார்கள். பெண்ணுக்கு உள்ள ஆபத்தை அளந்து பார்ப்பது அவர்களின் கடமை. சட்டத்தின் விதிகளிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது.

அதற்காகவே ஒரு தாள் இருக்கிறது. 5ஆம் படிவம். 'பாதுகாப்புத் திட்டம்' என்று அதன் பெயர். அதில் கட்டங்கள் இருக்கும். முதல் கட்டத்தில் வன்முறைகள் எழுதியிருக்கும். அடித்தது, கழுத்தை நெரிக்க முயன்றது, பிள்ளைகளை அடித்தது, "செத்துவிடுவேன்" என்று அவன் மிரட்டியது, பிள்ளையைத் தூக்கிப் போவேன் என்றது, குடி, செலவுக்குப் பணம் தராதது என்று வரிசையாக வரும். அடுத்த கட்டத்தில் அதனால் நேர்ந்த விளைவு. மூன்றாவது கட்டம்தான் முக்கியம். இனி என்ன நடக்கும் என்று அந்தப் பெண் பயப்படுகிறாள்? மறுபடி நடக்கும் என்றா? இன்னும் மோசமாகும் என்றா? நான்காவது கட்டத்தில், அவள் பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுத வேண்டும். கடைசிக் கட்டத்தில், நீதிமன்றத்திடம் கேட்கும் உத்தரவு.

பாதுகாப்பு அலுவலர் அவளைக் கேட்டு, அவள் சம்மதத்தோடு நிரப்புவார். நேராக நீதிமன்றம் போகும் பெண் மூன்றாவது, நான்காவது கட்டங்களைத் தானே எழுதலாம். சின்ன வாக்கியம் போதும். "மறுபடி கழுத்தை நெரிப்பார் என்று பயமாக இருக்கிறது" என்று எழுதினால் போதும்.

மனுவை மாஜிஸ்திரேட் வாங்கியதும், சாதாரணமாக 3 நாளுக்குள் முதல் விசாரணை வைக்க வேண்டும். ஆபத்து அவசரமானது என்று தெரிந்தால் கணவன் வருவதற்கு முன்பே இடைக்கால உத்தரவு போடலாம். அவளை அடிக்கக் கூடாது, வேலை செய்யும் இடத்துக்கு வரக் கூடாது, வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்று உத்தரவு இருக்கும். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நடைமுறையில் நீதிமன்றங்கள் பல நேரம் தாமதமாகின்றன. அதனால் உத்தரவு வரும் வரை தங்க ஓர் இடம் தேடிக்கொள்ள வேண்டும். 'சகி' என்று அழைக்கப்படும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள் தங்கலாம். எந்த மையம் பக்கத்தில் இருக்கிறது என்று 181இல் கேட்கலாம். வக்கீலுக்குப் பணம் கட்ட வேண்டாம். பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம்.

மறுபடி அந்தப் பெண்ணிடம் வருவோம். அவளிடம் ஆறு கேள்விகளையும் கேட்டார்கள். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது அடித்தான். ஆமாம். கடையில் யாரோடு பேசினாலும் சந்தேகம். ஆமாம். கழுத்து? அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு புடவைத் தலைப்பை விலக்கினாள்.

அன்று இரவு அவளை மருத்துவமனையிலேயே தங்க வைத்தார்கள். கேஸ் தாளில் "கணவர் கழுத்தை நெரித்ததாகச் சொல்கிறார்" என்று மருத்துவர் எழுதினார். மறுநாள் அவள் அம்மாவை வரவழைத்து, மகள் சொன்னதை மகள் சம்மதத்தோடு சொன்னார்கள். அம்மா அந்தக் கழுத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை பொறுத்துப் போகச் சொல்லவில்லை.

பதினைந்து நாள் கழித்து மறுபடி வரச் சொல்லி அவளுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அப்போதும் அதே ஆறு கேள்விகளைக் கேட்பார்கள். பதில் மாறியிருக்கலாம்.